தூங்கானைமாடத்துக்குச் சும்மிக்ரான் எதற்கு?

படச்சுருள் கேமராக்களின் மீது நம் இளைஞர் சிலருக்கு மறுபடியும் ஆசை பிறந்திருக்கிறது. பரணில் கிடந்தவை கீழே இறங்குகின்றன. தாத்தாவின் தோலுறை துடைக்கப்படுகிறது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஆசையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூடநம்பிக்கையும் உள்ளே நுழைந்துவிட்டது. ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் லைக்கா, லைக்கா என்றால் சும்மிக்ரான், அதை வாங்க வக்கில்லாதவன் கைப்பேசியோடு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்பதே அது. இலக்கியம் பேசக் கூடும் இடங்களிலும் இப்பேச்சு காதில் விழுகிறது. எழுத்தாளர் ஒருவரைப் படமெடுக்கப் போகிறவர், அவருடைய நூல்களில் எவற்றைப் படித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, தம் லென்ஸின் விளிம்பில் எந்த ஊர்ப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார். இந்த நம்பிக்கை பிழையானது என்பதோடு கேடு விளைவிப்பது என்றும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

(ஒரு சொல்: ‘புகைப்படம்’ என்று எழுதுவதை நாங்கள் விட்டுவிட்டோம். அதில் புகை எங்கிருந்து வந்தது என்று இதுவரை எவரும் எங்களுக்கு விளக்கியதில்லை. ஒளிப்படம் என்றே எழுதுகிறோம். ‘லென்ஸ்’ மட்டும் லென்ஸாகவே இருக்கட்டும். ‘வில்லை’ என்று கேட்டால் கடைக்காரர் மருந்துக்கடைக்கு வழிகாட்டுவார்.)

கேடு என்று ஏன் சொல்கிறோம்? எங்கள் ஊர்ப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையே, வெள்ளாற்றை ஒட்டிக் கிடக்கிறது பெண்ணாடம். பெண்ணாகடம் என்பது பழைய வடிவம். பெண்ணும், ஆவும், கடமாகிய யானையும் வழிபட்ட ஊர் என்று தலபுராணம் பெயருக்குப் பொருள் சொல்லும். ஊர் நடுவே பிரளயகாலேசுவரர் கோயில். தேவாரம் அதனைத் தூங்கானைமாடம் என்கிறது. அப்பர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பெற்ற தலம் என்று பெரியபுராணம் கூறுவது இதனைத்தான். விமானத்தின் பின்புறம் மூலைகளின்றி வளைந்து, படுத்திருக்கும் யானையின் பின்னுடல்போல் இருக்கும். அவ்வமைப்பை மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தில் கண்டவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்; ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அங்கே பக்கத்திலேயே ஒரு கல்யானையையும் செதுக்கி வைத்திருக்கிறான் சிற்பி.

இத்தகைய கோயில்களுக்குத் தமிழ்நாட்டில் என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பது வாசகர் அறியாததன்று. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்து, எழுத்துகளின் விளிம்பை மழுங்கடித்த கதைகள் எத்தனை! சுண்ணாம்பும் வண்ணமும் அப்பிச் சுதையின் நுட்பம் போன கதைகள் எத்தனை! இன்று இருக்கும் கல்வெட்டு அடுத்த குடமுழுக்குக்குப் பின்னும் இதே தெளிவோடு இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மனிதர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. பாரதியின் முகமென்று நம்மிடம் இருப்பவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் படங்கள்தாம். அவற்றை எடுத்தவர் எந்த லென்ஸால் எடுத்தார் என்று யாராவது கேட்டதுண்டா? எடுத்தாரே என்றுதானே நன்றி சொல்கிறோம்!

ஆகவே, ‘நல்ல லென்ஸ் வாங்கியபின் தொடங்குவேன்’ என்று ஓர் இளைஞர் மூன்றாண்டு சேமித்துக் காத்திருப்பது, மூன்றாண்டுகளின் படங்களை இழப்பது. இங்கே பேசப்படும் சேதம் இதுதான். சும்மிக்ரான் 50 மி.மீ. லென்ஸைப் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். அத்தொகையில் எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு குடும்பத்தை ஓராண்டு நடத்திவிடுவார்.

லைக்கா அன்பர்கள் உடனே கையில் எடுக்கும் அத்திரம் கார்த்தியே-பிரசோன். அவர் எங்கள் அண்டை ஊருக்கே வந்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தார். லைக்காவால்தான் எடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது எது? வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே 50 மி.மீ. கோணத்தோடு கழித்தார் என்பதும், ஏப்ரல் 14 அன்று அவர் அங்கே இருந்தார் என்பதும். முதலாவது சிக்கனம், இரண்டாவது பொறுமை. இரண்டுமே கடையில் விற்பனைக்கு வருவதில்லை.

இன்னும் பின்னால் போகலாம். லினியஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858இல் தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டை, மெழுகுத்தாள் நெகட்டிவ்களின் காலத்து மரக்கேமராவைச் சுமந்து வந்து, துண்டுதுண்டாகப் படமெடுத்தார். இருபத்தொரு படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கினார். சிதம்பரத்துக் கோபுரக் கரணங்களின் படங்களோடு ‘தாண்டவ லக்ஷணம்’ என்ற நூல் 1936இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. நடனம் பயில்வோர் அதை இன்றும் தேடுகிறார்கள். முதலாம் சும்மிக்ரான் பிறந்ததோ 1953இல்!

இனி, நாங்கள் முன்வைக்கும் மாற்று. அது ஓர் இலக்கிய வாசகருக்கு அந்நியமாக இருக்க நியாயமில்லை. நம்மில் பலர் தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலையும் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ கதையையும் எவ்வாறு படித்தோம்? மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் கண்காட்சி மேசைகளில் காப்பிக்காசுக்குக் கிடைத்த பதிப்புகளில் படித்தோம். விலை மலிவு என்பதற்காகத் தல்ஸ்தோய் குறைந்துவிடவில்லை. அதே நாடு அதே மனப்பான்மையோடு கேமராக்களையும் லென்ஸ்களையும் செய்து தள்ளியது. அவற்றை ‘ரஷ்ய தகரம்’ என்று இகழ்வோர், அவற்றின் பிறப்பை அறியாதோர்.

ஹார்க்கிவ் நகரருகே வீடற்ற சிறுவர்களுக்காக 1927இல் ஒரு குடியிருப்பு அமைந்தது. அதை நடத்தியவர் அந்தோன் மக்காரெங்கோ. ஆசிரியர், எழுத்தாளர், கல்வியியலில் இன்றும் பேசப்படும் பெயர். தெருவிலிருந்து வந்த அச்சிறுவர்கள் 1934இல் ஜெர்மானிய லைக்காவைப் பார்த்து அதேபோல் ஒரு கேமராவைச் செய்து தொடராக உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். அதுவே ‘ஃபெட்’. பெலிக்ஸ் எத்மூந்தவிச் ஸெர்ஷீன்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. இரகசியப் போலீசின் தலைவர் பெயரில், அநாதைச் சிறுவர்கள் செய்த, அழகைப் பதிவுசெய்யும் கருவி! இருபதாம் நூற்றாண்டை ஒரே பொருளில் அடைத்துக் காட்டச் சொன்னால் நாங்கள் இதைத்தான் காட்டுவோம்.

லென்ஸ்களின் கதை அதைவிடச் சுவையானது. 1930களின் தொடக்கத்தில் ஸைஸ் நிறுவனத்துக்காக லூட்விக் பெர்ட்டேல வடிவமைத்த ஸோன்னார், அக்காலத்தின் ஒளிமிக்க லென்ஸ்களில் தலையாயது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஈட்டுத்தொகையாக ஸைஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத் நாட்டுக்குச் சென்றன. அங்கே ஸோன்னார் ‘ஜூப்பிட்டர்’ ஆயிற்று. ஜூப்பிட்டர்-8 என்பது ஸோன்னார் 50 மி.மீ. எஃப் 2. ஜூப்பிட்டர்-3 என்பது அதன் எஃப் 1.5 அண்ணன். ஜூப்பிட்டர்-12, போருக்கு முந்தைய பியோகான் 35 மி.மீ. எஃப் 2.8. ஆக, ஜெர்மானிய மூளையைத்தான் நீங்கள் வாங்க விரும்புகிறீர்கள் என்றால் அது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, மாஸ்கோ வழியாக. இண்டஸ்டார் வரிசை மூன்று குழுக்களில் நான்கு கண்ணாடிகள் கொண்டது. 1902இன் டெஸ்ஸாரின் வழித்தோன்றல். லைக்காவின் புகழ்பெற்ற எல்மாரும் அமைப்பில் ஏறத்தாழ அதே குலம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஃபெட், ஸோர்க்கி கேமராக்களைச் சுரண்டி, பொன்முலாம் பூசி, ‘லைக்கா’ என்றும் ஜெர்மானிய விமானப்படையின் முத்திரையோடும் பொறித்து விற்கும் போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. அவற்றின் முகப்பில் ‘எல்மார்’ என்ற பெயரோடு அமர்ந்திருப்பது பெரும்பாலும் இண்டஸ்டார்-22. அதை வாங்கி ஏமாந்தவர் அதன் படங்களில் ‘ஜெர்மானியக் குளுமை’யைக் காண்பதற்குத் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

விலையுயர்ந்த லென்ஸுக்காகச் சொல்லப்படும் முதற்காரணம், அது அகலத் திறக்கும் என்பது. எஃப் 1.4, எஃப் 1.2 என்று எண் குறையக் குறைய விலை ஏறும். சரி, பெண்ணாடத்தில் முற்பகல் பதினோரு மணிக்கு நில்லுங்கள். உங்கள் கேமராவில் இருப்பது 400 ஐஎஸ்ஓ படச்சுருள். நல்ல வெயிலில் எஃப் 16க்கு நொடியில் நானூற்றில் ஒரு பங்கு என்பது எல்லாரும் அறிந்த பழைய கணக்கு. கேமராவின் உச்ச வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், எஃப் 11க்குக் கீழே இறங்க உங்களுக்கு இடமே இல்லை. ஃபெட் போல ஐந்நூறோடு நிற்கும் கேமரா என்றால் எஃப் 16தான். 100 ஐஎஸ்ஓ போட்டாலும் எஃப் 5.6 அளவோடு நின்றுவிடும். எஃப் 1.4க்காகக் கொடுத்த பணம் முழுவதும் வெயிலில் உருகிப் போயிற்று. எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சுருக்கியபின் ஒரு பழுதற்ற இண்டஸ்டாரையும் ஒரு சும்மிக்ரானையும் சிறிய அச்சில் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்கிறோம். காட்டக்கூடியவர் அச்சின் ஓரங்களை உருப்பெருக்கியோடு பார்ப்பவர். அவருக்குத் தூங்கானைமாடமும் சோதனைத் தாளும் ஒன்றுதான்.

இருட்டு வேறு கதை, ஒப்புக்கொள்கிறோம். சிதம்பரத்தில் கோபுர வாயிலின் இரு உட்சுவர்களிலும் கரணச் சிற்பங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே மங்கல். அங்கே எஃப் 3.5 திணறும். எஃப் 2 வேண்டும். ஆனால் எஃப் 2க்கும் எஃப் 1.4க்கும் உள்ள தூரம் ஒரே ஒரு படி. அந்த ஒரு படியைச் சுவரில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குப் பதில் பதினைந்தில் ஒரு பங்கில் விசையை அழுத்தினால் காசின்றியே பெறலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் மேலெழும் கண்ணாடி இல்லை, ஆகவே அதிர்வும் குறைவு. கல் ஆடாது, கரணம் நின்றாடினாலும் சிற்பம் நிற்கிறது.

எங்கள் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று முழுக்க உண்மை. அதை மறைத்து வாதாடுவது அழகன்று. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸின் வழியே பார்ப்பதில்லை. லென்ஸின் வால்பகுதி கேமராவுக்குள் ஒரு நெம்புகோலைத் தள்ள, அது இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று கொண்டுவருகிறது; அவை பொருந்துமிடத்தில் குவிந்துவிட்டதாக நம்புகிறோம். இந்த நம்பிக்கை லென்ஸும் கேமராவும் ஒரே அளவுகோலில் செய்யப்பட்டிருந்தால்தான் செல்லும். லைக்கா தன் 50 மி.மீ. லென்ஸை 51.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டது. சோவியத் ஜூப்பிட்டர்கள் கான்டாக்ஸ் மரபின்படி 52.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டன. முக்கால் மில்லிமீட்டர் சொச்சந்தான். ஆனால் லைக்காவிலோ கானனிலோ ஜூப்பிட்டரை மாட்டி, அகலத் திறந்து, ஒரு மீட்டரில் ஒரு கிழவியின் கண்ணில் குவித்தால், குவியம் கண்ணை விட்டு வேறிடம் போயிருக்கும். எஃப் 1.5 ஜூப்பிட்டர்-3இலும் 85 மி.மீ. ஜூப்பிட்டர்-9இலும் இது நன்றாகவே தெரியும். ஜூப்பிட்டர்-12இல் கோணம் அகலம், துளை சிறிது. பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபெட், ஸோர்க்கி கேமராக்களில் இச்சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இதற்கு மேல், தொழிற்சாலையின் மாத இலக்கை எட்ட அவசரமாகத் திருகப்பட்டவையும், பின்னாளில் யாரோ பிரித்துத் தப்பாகப் பூட்டியவையும் உண்டு. ஆகவே வாங்கியவுடன் ஒரு சுருளில் நாலைந்து படங்களைச் சோதனைக்குச் செலவிட வேண்டும். மேசையில் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டரில், முழுத்துளையில் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தவறும் லென்ஸை எஃப் 5.6க்குக் குறையாமல் பயன்படுத்தலாம், திருப்பியும் அனுப்பலாம். லென்ஸ் எண்ணின் முதல் இரு இலக்கங்கள் பெரும்பாலும் அது பிறந்த ஆண்டு. 50களின் இறுதியிலும் 60களிலும் செய்யப்பட்டவை மேல் என்பது எங்கள் கணிப்பு. சண்டைக்கு வருவோர் வரலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த லென்ஸ்களை உலகுக்கு அனுப்பிவந்த சிறு வணிகர்களில் பலர் உக்ரைன் நாட்டவர். 2022இல் தொடங்கிய படையெடுப்பில், ஃபெட் பிறந்த அதே ஹார்க்கிவ் நகரின்மீது குண்டுகள் விழுந்தன. அஞ்சல் தாமதமாகிறது என்று முணுமுணுப்போர் அதை நினைத்துக்கொள்க.

சோவியத் லென்ஸில் மனம் ஒப்பாதவர்க்கு ஜப்பான் இருக்கிறது. அளவுகோல் சிக்கல் அங்கே இல்லை; கானனும் நிக்கானும் லைக்காவின் கணக்கையே திருகுமரை லென்ஸ்களில் பின்பற்றின. கானன் 50 மி.மீ. எஃப் 1.8 ஏராளமாகச் செய்யப்பட்டது. அதனாலேயே இன்றும் அடக்கவிலையில் கிடைக்கிறது. எங்களைக் கேட்டால், ஒரே ஒரு லென்ஸ், கையில் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் என்பவருக்குத் தெளிவான கண்ணாடியுள்ள கானன் 50 எஃப் 1.8தான் விடை. ‘தெளிவான’ என்பதைக் கவனிக்க. அந்த லென்ஸுக்கு அப்பர்ச்சருக்குப் பின்னுள்ள கண்ணாடியில் மங்கல் படரும் வியாதி உண்டு, முற்றினால் துடைத்தாலும் போகாது. ஜப்பான் என்றாலே போலிச்சரக்கு என்று உலகம் ஏளனம் செய்த காலமும் ஒன்று இருந்தது. 1950இல் ‘லைஃப்’ இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கார் லென்ஸ்களைக் கொரியப் போர்முனைக்குக் கொண்டுபோய் எடுத்த படங்கள்தாம் அந்த வாயை அடைத்தன. அன்று ஜப்பானை இகழ்ந்த அதே வாய்தான் இன்று சோவியத்தை இகழ்கிறது.

இவை யாவும் 39 மி.மீ. திருகுமரை லென்ஸ்கள். 1954க்குப் பிந்தைய எம் வகை லைக்காவிலும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையத்தின் துணையோடு மாட்டிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: ஜூப்பிட்டர்-12இன் பின்கண்ணாடி வெகுதூரம் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். ஒளியளக்கும் கரம் உள்ளே நிற்கும் லைக்கா எம்5, சிஎல் போன்றவற்றில் அதை மாட்டத் துணிய வேண்டா.

லென்ஸைக் கழற்றி மாற்றும் எண்ணமே இல்லாதவர் இத்தனையும் படித்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. யாஷிக்கா எலக்ட்ரோ 35, கானனெட் க்யூஎல்17 போன்ற, லென்ஸ் நிலையாகப் பொருந்திய ரேஞ்ச்ஃபைண்டர்கள் இருக்கின்றன. எஃப் 1.7 திறப்பு, கண்ணாடியில் குறையில்லை. பழைய மின்கலத்துக்கு மாற்றுத் தேடுவதுதான் அவற்றில் தலைவலி.

ஒரு பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு மறுபக்கத்தை விட்டால் நீதியாகாது. லைக்கா பக்தருக்கு எதிர்ச்சாரியில் ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய லென்ஸ் எதுவானாலும் அள்ளிக்கொள்வது, அதன் ஒவ்வொரு ஊனத்துக்கும் ஓர் அழகியற்பெயர் சூட்டுவது இவர்கள் வழக்கம். மங்கல் படர்ந்தால் ‘கனவுத்தன்மை’, பூசணம் பிடித்தால் ‘காலத்தின் கைரேகை’, எதிரொளி பாய்ந்தால் ‘கவித்துவம்’. நாங்கள் கவிதை வாசிப்பவர்கள். பூசணத்தில் கவிதை இல்லை. தேய்ந்துபோன கல்வெட்டொன்றில் ‘ர’வா காலா என்று தடுமாறும் இடத்தில், லென்ஸின் மங்கல் கூடுதலாக ஓர் எழுத்தைத் தின்றால் அது கனவன்று, களவு.

கடலூர் மாவட்டத்தில் வாழ்பவருக்கு இது வெறும் அழகியற்சர்ச்சையும் அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரித் துணியே நாறுகிறது. தோலுறைக்குள் பூட்டிவைத்த லென்ஸ் என்னாகும்? பிற ஊர்களில் வாங்குவோர் முதலில் கூர்மையைக் கேட்கட்டும். நாம் முதலில் கேட்க வேண்டியது பூசணம் உண்டா என்பதையே. கைப்பேசியின் விளக்கை லென்ஸின் ஒரு முனையிலிருந்து சாய்வாகப் பாய்ச்சி மறுமுனையில் பாருங்கள். சிலந்திநூல்போல் கிளைவிட்டிருந்தால் பூசணம். சீரான வெண்படலம் என்றால் மங்கல். ஓரத்தில் வானவில் தீற்றல் என்றால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போகிறது. சில தூசுத் துகள்கள், முன்கண்ணாடியில் ஓரிரு மெல்லிய கீறல்கள் ஆகியவை படத்தில் தெரியா. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். போருக்கு முந்தைய லைக்காவின் சும்மார் லென்ஸில் முன்கண்ணாடி அவ்வளவு மென்மை. கீறல்வலை படர்ந்ததை ‘ஜெர்மானியம்’ என்பதற்காக அதிகவிலைக்கு விற்கிறார்கள். குவியவளையம் இறுகியிருந்தால் உள்ளே மசகு உறைந்துவிட்டது என்று பொருள். அது பழுதுபார்க்கக் கூடியது, அதற்குரிய செலவை விலையோடு சேர்த்து எண்ண வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் சுங்கத்தையும் சேர்க்க. பழைய பொருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கும் கலை, 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கிய தலைமுறைக்குப் பாடமாகவே இருந்தது.

எத்தனை லென்ஸ் வேண்டும்? ஒன்று. 50 மி.மீ. அல்லது அதற்கு அருகில். ஓராண்டு கழித்து, கோயில் சுற்றில் பின்னே நகர இடமின்றி முதுகு மதிலில் முட்டும் நாள்கள் மிகுந்தால், அப்போது ஒரு 35. கல்வெட்டுக்கு 50 போதும். ஒரு மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ அறுபத்தைந்து சென்டிமீட்டர் அகலத்தை அள்ளும். டிரைப் செய்ததுபோல் துண்டுதுண்டாக நகர்ந்து எடுக்க வேண்டியதுதான். எழுத்து தெளிய வேண்டுமானால் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் சுவரைத் தடவிச் செல்லும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். எந்த லென்ஸும் நடுப்பகல் வெயிலில் எழுத்துக்கு நிழல் உண்டாக்கித் தராது. அதைவிட நெருங்கி, ஒற்றை எழுத்தையோ நாணயத்தையோ எடுக்க விரும்புவோர் ரேஞ்ச்ஃபைண்டரை வைத்துவிட்டு எஸ்.எல்.ஆர். எடுக்க வேண்டும். அது இக்கருவியின் எல்லை. பொன்னால் செய்த லென்ஸும் அதை மீறாது.

மிச்சப்பட்ட பணம் எங்கே போக வேண்டும்? படச்சுருளுக்கு. உதகையில் 1960இல் நிறுவப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் செய்துதந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிக்கிடக்கிறது. நம் மலையில் நம் தொழிலாளர் செய்த படச்சுருளில் நம் கோயிலை எடுக்கும் வாய்ப்பு போய்விட்டது. அந்தத் தொழிற்சாலைக்காக ஒரு வரி வருந்தாதவர்கள் வெட்ஸ்லார் நகரத்துக் கண்ணாடிக்காக ஏங்குவது எங்களுக்கு விளங்கவில்லை. இன்று எல்லாச் சுருளும் இறக்குமதி. விலை ஆண்டுதோறும் ஏறுகிறது. லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கியவர் மாதம் ஒரு சுருள் போடத் தயங்குகிறார். ஏழாயிரம் ரூபாய் லென்ஸ் வாங்கியவர் அந்த லட்சத்தில் நூறு சுருளுக்கு மேல் எடுத்துக் கழுவலாம். கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம். கரைசலை 20 பாகை வெப்பத்தில் வைக்கச் சொல்வார்கள், நம் குழாய்நீரோ சித்திரையில் 30ஐத் தாண்டும், ஐஸ் கட்டி போட்ட வாளி ஒன்று பக்கத்தில் இருந்தால் சரி.

‘இவ்வளவு பாடு எதற்கு, கைப்பேசி போதாதா?’ என்பார்க்கும் ஒரு சொல். போதும், எடுங்கள். எடுக்காமலிருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆயினும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், 1956 முதல் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. உங்கள் கைப்பேசியில் ஆறாண்டுகளுக்கு முன் எடுத்த படம் இப்போது எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு எங்களோடு வாதாட வாருங்கள்.

பெண்ணாடத்துக்குப் படமெடுக்க வருவோர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கோயில் கிழக்குப் பார்த்தது. ஆகையால் ஆனையின் முதுகாகிய அந்த வளைவு மேற்கில் இருக்கிறது. காலையில் வந்தால் அது நிழலில் கிடக்கும். மாலை நான்கு மணிக்குமேல் சாய்ந்த வெயில் வளைவின்மீது படிப்படியாக மங்கிச் செல்லும்போது தட்டுகள் தனித்தனியே எழுந்து நிற்கும். மஞ்சள் வடிகட்டி ஒன்று இருந்தால் வானம் வெளிறாது. ஜூப்பிட்டர்-8க்கும் 12க்கும் 40.5 மி.மீ. அளவுதான், இரண்டுக்கும் ஒன்றே போதும். கருவறைப் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள். வெளிச்சுற்றிலும் கேட்டுவிட்டு எடுங்கள். நடக்கும்போது லென்ஸை மூடியே வைத்திருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் சூரியனுக்கும் துணித்திரைக்கும் நடுவே வேறொன்றும் இல்லை. திறந்த லென்ஸ் மேற்கு நோக்கிச் சற்று நேரம் தொங்கினால் திரையில் ஊசித்துளை விழுந்துவிடும். சும்மிக்ரானுக்கும் அப்படியே, இண்டஸ்டாருக்கும் அப்படியே.